உஷார்! பழைய ஜீப்பின் ஸ்டியரிங்கை வெட்டி ஒட்டாதீர்கள்

கடலோர ஊரில் ஷெட்டுக்குள் நிற்கும் பழைய வில்லிஸையோ மஹிந்திரா சிஜே-3பி-யையோ புதுப்பிக்க இறங்கியிருக்கிறீர்களா? பெயிண்ட், சீட், ஹூட் எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால், “ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு சார், பொலேரோ பவர் ஸ்டியரிங்கை மாட்டிடலாம், ரெண்டு நாள் வேலை” என்று பட்டறையில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அவசரமாகச் செய்யும் அந்த ரெண்டு நாள் வேலை உயிரை வாங்கிவிடும்.

ஸ்டியரிங் ஆடுகிறது என்றாலே ஸ்டியரிங் பாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வில்லிஸ் காலத்து ஜீப்பில் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், பெல் கிராங்க், இரண்டு டை ராடுகள், கடைசியில் கிங் பின் என்று அசைவு கைமாறிப் போகிறது. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து கையில் பெரிய ஆட்டமாக வந்து நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வையுங்கள். முன்னால் இருப்பது அசைந்து, அடுத்தது அசையாமல் ‘டக் டக்’ என்று தட்டுகிறதா? கோளாறு அங்கேதான். இதைப் பார்க்காமல் பாக்ஸை மாற்றினால் தேய்ந்த மூட்டுகள் அப்படியேதான் இருக்கும். பவர் ஸ்டியரிங்கின் லேசான பிடியில் அந்த ஆட்டம் கைக்கும் தெரியாது.

இந்த ஜீப்புகளின் பழைய ராஸ் ஸ்டியரிங் பாக்ஸின் பக்கவாட்டு ஸ்குருவை இறுக்கி ஆட்டத்தை ஒழிக்கிறேன் என்பார்கள் சிலர். நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஆட்டம் தீரும்வரை இறுக்கினால், திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும், ஸ்டியரிங் திரும்பி வராது.

இன்னொரு பயம், துரு. கடலோர உப்புக்காற்று சேஸிஸை உள்பக்கமிருந்து தின்றிருக்கும். மேலே புது பெயிண்ட் பளபளக்கும். பாக்ஸ் மாட்டும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் வேலையை நிறுத்துங்கள். மனிதக் கைக்கென்று போட்ட போல்ட் துளைகளில் பவர் ஸ்டியரிங் பம்பின் பலம் விழும்போது, அரித்த தகடு பிளந்துகொள்ளும்.

வெல்டிங்தான் என்னை அதிகம் நடுங்க வைக்கிறது. டிராப் ஆர்மைச் சூடுபண்ணி வளைப்பது, இரண்டு ஸ்டியரிங் ராடுகளை நடுவில் ஸ்லீவ் போட்டு ஒட்டுவது, இரண்டுமே கூடாது. ஒட்டு விட்டால் ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும், சக்கரம் தன் போக்கில் போகும். இசிஆரில் அப்படி நடந்தால் பிரேக் போடக்கூட நேரம் இருக்காது. பாக்ஸ் இருக்கும் இடம் மாறினால் டிராக் லிங்க்கின் சாய்வும் மாறும். அப்புறம் ஸ்பீட் பிரேக்கரில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

இடது ஸ்டியரிங்கை வலதுக்கு மாற்றுகிறவர்களுக்கு: சட்டம் அதை வற்புறுத்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 120-ஆவது பிரிவு, வேலை செய்யும் சிக்னல் கருவி இருந்தால் இடது ஸ்டியரிங் வண்டியை ஓட்ட அனுமதிக்கிறது. இடப்பக்க பாக்ஸை அப்படியே தலைகீழாக்கி வலப்பக்கம் மாட்டினால், வலதுக்குத் திருப்ப வண்டி இடதுக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

ஆர்டிஓ பக்கமும் பாருங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸை வெட்டிவிட்டு விண்டேஜ் வண்டிக்கான ‘விஏ’ நம்பர் கேட்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 98, ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, மூட்டுகளின் போல்ட்டும் பின்னும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது ஒவ்வொரு கேஸல் நட்டிலும் புது ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சாவியை வாங்காதீர்கள்.