எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு இருக்கட்டும்

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் தோல் மருத்துவரின் வாசலில் மணப்பெண்களைப் பார்க்கலாம். துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடியிருப்பார்கள். கூடவே ஓர் அம்மா, ஒரு சித்தி. கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இருக்காது. "முகத்துக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணுமே போடல டாக்டர், வீட்டுல இருக்கறதுதான்."

அந்த 'வீட்டில் இருப்பது' என்னவென்று துருவிக் கேட்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை, சர்க்கரையோடு காப்பித்தூள். அது எரிந்ததும் கற்றாழை. அதிலும் ஆறவில்லை என்றதும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப். எல்லாம் தோற்ற பிறகுதான் எங்கள் நினைவு வருகிறது. எரிந்த அன்றே வந்திருந்தால் சில நாளில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், அதற்குள் மாதக்கணக்கில் இழுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

வீட்டிலேயே அழகு செய்துகொள்வதை நான் எதிர்க்கவில்லை. பார்லர் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. பார்லரில் நடப்பதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். என் கவலை வேறு. நம் மாநிறத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. எரிச்சல் வந்த இடம் கறுத்துவிடும். வெளுத்த தோலுள்ளவர்களுக்குச் சிவந்து மறைந்துபோகும் காயம், நமக்குக் கருந்திட்டாக மாறிப் பல மாதம் நிற்கும். வெளுக்க வேண்டும் என்று தொடங்கும் வைத்தியங்கள் கறுப்பில் போய் முடிவது இதனால்தான்.

'எரிஞ்சாதான் வேலை செய்யுது'

இந்த ஒரு நம்பிக்கையை ஒழித்தாலே என் வேலை பாதியாகக் குறைந்துவிடும். முகத்தில் போட்டது எரிந்தால் அழுக்கு வெளியேறுகிறது என்று அர்த்தமில்லை. தோல் புண்ணாகிறது என்று அர்த்தம். கழுவ வேண்டிய நேரம் அது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு 20 நிமிடம் தாங்குகிறார்கள்.

நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கிறது. சமையல் சோடாக் கரைசல் 8-க்கு மேல். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டையும் கலந்தால் பொங்குமே, அந்த நுரையைப் பார்த்து 'அழுக்கை எடுக்கிறது' என்று வீடியோவில் சொல்கிறார்கள். அது வெறும் கரியமில வாயு.

நாம் எலுமிச்சை என்று வாங்குவது பெரும்பாலும் மெல்லிய தோலுள்ள சிறிய காய். அதன் சாற்றிலும் தோலிலும் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட பிறகு வெயிலில் போனால், ஓரிரு நாளில் வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்து கொப்பளிக்கும். பிறகு சாறு வழிந்த தடம் அப்படியே கருங்கோடாக நிற்கும். காலையில் எலுமிச்சை தேய்த்துவிட்டு ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகிற பெண்களிடம் இந்தக் கோடுகளைப் பார்க்கிறேன்.

பருவுக்குப் பற்பசை வைப்பது இன்னொரு கொடுமை. அதிலிருக்கும் நுரைப்பொருளும் மெந்தாலும் பருவைச் சுற்றியுள்ள நல்ல தோலையும் உரித்துவிடும். பரு தானாகப் போயிருக்கும். பற்பசை வைத்த வட்டம் போகாது.

மருவுக்குச் சுண்ணாம்பு, புழுவெட்டுக்கு வெங்காயம்

கழுத்தில் ஒரு மரு. பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து ஒரு பொட்டு வைக்கிறார்கள். இந்த இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. சாக்கடை அடைப்பு எடுக்கும் பொருள் என்றால் எல்லோருக்கும் புரியும். மரு உதிர்ந்துவிடும், உண்மைதான். கூடவே ஒரு குழியும், சிலருக்குப் புடைத்துத் தடித்த தழும்பும் வரும். சேராங்கொட்டைப் பால், முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டும் இதே வேலையைச் செய்யும். அதோடு உடம்பு முழுக்க ஒவ்வாமையும் கிளப்பிவிடும். இதில் என்னைப் பயமுறுத்துவது தழும்பு அல்ல. மரு என்று நினைத்துப் பொசுக்குவது எப்போதும் மருவாகவே இருக்காது. வேகமாக வளரும், நிறம் மாறும், ரத்தம் கசியும் மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்து எரித்துவிட்டால், அது புற்றுநோயா என்று பார்க்கச் சதைத்துணுக்குகூட மிஞ்சாது.

புழுவெட்டு விஷயத்துக்கு வருவோம். தலையில் வட்டமாக முடி கொட்டும் இந்த நோய்க்குக் காரணம் புழு அல்ல, பூச்சியும் அல்ல. நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடிவேரைத் தாக்குகின்றன. சின்ன வெங்காயத்தைத் தேய்த்து முடி வந்தது என்று பலர் சொல்வார்கள். வரும். சிறிய வட்டங்களில் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் பலருக்கு முடி தானாக வளரும் நோய் இது. வெங்காயத்துக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். பூண்டை அரைத்துக் கட்டுபோட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்தவர்கள், தீக்காயத்தோடு வருகிறார்கள். அந்தக் காயம் ஆழமாகித் தழும்பாகிவிட்டால் அங்கே முடி வளரவே வளராது.

கறுப்பு மருதாணி என்று ஒரு செடி இல்லை

மருதாணி இலையில் உள்ள சாயம் ஆரஞ்சும் சிவப்பும்தான் தரும். சில மணி நேரம் கையில் ஊற வேண்டும். அரைமணியில் கன்னங்கரேலென்று பிடித்தால், அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாரா-ஃபினைலீன்டையமின். நாங்கள் சுருக்கமாகப் பி.பி.டி. என்போம். தலைமுடிச் சாயங்களில் இருக்கும் அதே பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிக்குப் பூசும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் நேரடியாகப் பூசுவதற்கு அமெரிக்காவில் அனுமதியே கிடையாது. 'ஹெர்பல்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொடிப் பாக்கெட்டிலும் இது இருக்கலாம். பின்பக்கத்துச் சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

"பத்து வருஷமா இதே டைதான் போடறேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள், கண் திறக்க முடியாமல் முகம் வீங்கி உட்கார்ந்துகொண்டு. ஒவ்வாமை அப்படித்தான் வரும். உடம்பு பலமுறை பொறுத்துக்கொண்டு, ஒருநாள் எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். அதன்பிறகு அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும். சிறு வயதில் திருவிழாவில் கையில் கறுப்பு மருதாணி வைத்துக்கொண்ட பிள்ளை, நரை விழும் வயதில் எந்தச் சாயமும் போட முடியாமல் தவிக்கலாம்.

நல்ல மருதாணிக்கும் ஒரு எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அசல் மருதாணியே ரத்த அணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். பச்சிளங்குழந்தையின் கை கால்களில் ஆசையாக அப்புவதை விட்டுவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்காரர் தோல் மருத்துவர் அல்ல

"அண்ணே, முகத்துக்கு ஒரு கிரீம் குடுங்க." இப்படிக் கேட்டு வாங்கும் டியூப்களில் பெரும்பாலானவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளவென்று ஆகும். அக்கா தங்கைக்குச் சொல்வாள், தங்கை தோழிக்குச் சொல்வாள். சில மாதத்தில் தோல் மெலிந்து உள்ளே ரத்தக்குழாய் தெரியும். பருக்கள் மொய்க்கும். கன்னத்தில் பூனைமுடி வளரும். பயந்து நிறுத்தினால் முகமே தீப்பிடித்ததுபோல் எரியும். உடனே திரும்பவும் அதே டியூப். குடிப்பழக்கத்தில் இருந்து மீட்பதுபோல் இவர்களை மீட்க வேண்டியிருக்கிறது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. டியூபும் கிடைக்கிறது.

லேபிளே இல்லாத வெளுப்பு கிரீம்கள் இதைவிட மோசம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் முகம் வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது, அவர்கள் பூசிய வெளுப்பு கிரீம்களில் பாதரசம் இருந்தது தெரியவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைக் கெடுத்தது. அழகு கிரீமில் எந்த நாட்டு மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டால், அதை முகத்தில் பூசாதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இழுத்துக் கட்டும் தலை

சிகை அலங்காரத்தால் நோய் வருமா என்று சிரிப்பார்கள். இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோர முடி கொட்டும் நோயை, 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உச்சிக்கொண்டை, இறுக்கமான போனிடெயில், வழித்து வாரிய பள்ளிக்கூட இரட்டைச் சடை எல்லாமே முடிவேரை நாள் முழுக்க இழுக்கின்றன. அதோடு பூச்சரம், சவுரி, கல்யாணச் சடை அலங்காரத்தின் எடை வேறு. நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். முதலில் நெற்றியோரம் சிறு கொப்புளங்கள், தலைவலி, ஓரத்தில் மெல்லிய பூனைமுடி. இந்தக் கட்டத்தில் கட்டைத் தளர்த்தினால் முடி திரும்பும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும். எந்த எண்ணெயும் அதைத் திருப்பாது.

ரப்பர் பேண்டை விடத் துணி சுற்றிய பேண்ட் மேல். உலோகக் கிளிப் படும் இடத்தில் அரித்தால், நிக்கல் ஒவ்வாமையாக இருக்கும். பிளாஸ்டிக்குக்கு மாறினால் போதும். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் அதே வட்ட அளவில் வெள்ளை விழுந்தால் வெண்குஷ்டம் என்று ஊரைக் கூட்டி அழ வேண்டாம். பசையில் உள்ள ஒரு ஃபீனால் வேதிப்பொருள் நிறத்தைக் கொல்வதால் வருவது அது. ஆனால் அந்தப் பொட்டை அன்றே தூக்கி எறியுங்கள். அரிக்கிறது என்று தெரிந்தும் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டு வருபவர்களிடம் என்ன சொல்வது?

ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைக்காதீர்கள். முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து, முடித்தண்டு குமிழ்குமிழாக வெடித்து ஒடியும். ஆன்லைனில் வாங்கி வீட்டில் போடும் 'கெரட்டின்' கலவைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ, அதற்குப் பதிலாகக் கிளைஆக்ஸிலிக் அமிலமோ இருக்கிறது. இந்த அமிலம் கலந்த பொருளைப் போட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதை இஸ்ரேல், பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் சமீப ஆண்டுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

எண்ணெயைத் திட்டுகிறேனா?

இல்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, குளிக்கும்போது முடி தேய்வதைக் குறைக்கும். வெந்தயம் ஊறவைத்து அரைத்தது, செம்பருத்தி இலைக் குழம்பு இவையெல்லாம் முடியை வழவழப்பாக்கும். முடியை வளர்க்கும் என்றுதான் சொல்லக் கூடாது. பொடுகு உள்ளவர்கள் மட்டும் உச்சந்தலையில் எண்ணெய் ஊற வைக்க வேண்டாம். பொடுகு வறட்சியால் வருவதில்லை; மலசீசியா என்ற பூஞ்சை, எண்ணெய்ப் பிசுக்கைத் தின்று வளர்வதால் வருகிறது.



தயவுசெய்து

புதிதாக எதையும் முதலில் முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, இரண்டு நாள் கழுவாமல் பாருங்கள். முடிச் சாயத்துக்கு ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது இந்தத் தடவைக்குச் சான்று அல்ல. சாயத்தால் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் தோல் மருத்துவரைத் தேடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதம் எந்தப் புது முயற்சியும் வேண்டாம், தாய்மாரே. மாநிறத்தில் பிறந்த பெண் மாநிறமாகவே மணவறையில் உட்காரட்டும். சோப்புக்குப் பதில் மென்மையான ஃபேஸ் வாஷ், வெயிலுக்கு சன்ஸ்கிரீன், வறண்டால் வாசலின். அவள் முகத்துக்கு இவை போதும்.

எரிந்துவிட்டதா, குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். அதன்மேல் வேறு எதையும் பூசாதீர்கள். மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். போட்ட பொருளின் டியூபையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் வாருங்கள். "ஒண்ணுமே போடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும்.