நீறு பூத்த நெருப்பு

அமெரிக்கா, கனடா, இத்தாலி முதலிய நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கப் 'பெல்லட் அடுப்பு' பயன்படுகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த, 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு உருளைகளே இதன் எரிபொருள்.

எரிவது மரமே ஆயினும், இவ்வடுப்புகளுள் பெரும்பாலானவை மின்சாரமின்றி இயங்கா. மின்விசையால் சுழலும் திருகு, உருளைகளைச் சிறிது சிறிதாக எரிகலத்தில் இடுகிறது. விசிறி புகையைக் குழாய்வழியே வெளியேற்றுகிறது. மின்சாரம் தடைப்பட்டால் இரண்டும் நின்றுவிடும். நெருப்போ உடனே அணைவதில்லை. அப்போது புகை அறைக்குள் கசியக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. உயிரைப் பறிக்க வல்லது. ஆதலால் அடுப்பின் கதவைத் திறத்தல் கூடாது. புகை பரவினால் அனைவரும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

மின்சாரம் வந்தவுடன் அடுப்பை மூட்டலாகாது. அது நன்கு ஆறிய பின், பெரியவர்கள் மின் இணைப்பைத் துண்டித்து, எரிகலத்தில் தேங்கிய உருளைகளையும் சாம்பலையும் அகற்றுவர். அவை அங்கேயே இருந்தால் காற்றோட்டம் தடைப்பட்டுப் புகை மிகும். அகற்றிய உருளைகளை மீண்டும் எரிபொருள் பெட்டியில் இடாமல், மூடியுள்ள உலோகக் கலத்தில் இடுவர். ஏனெனில், சாம்பலுக்குள் தணல் மறைந்திருக்கும். இதனையே தமிழர் 'நீறு பூத்த நெருப்பு' என்பர்.

சொற்பொருள்: நீறு – சாம்பல், தணல் – கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு.

பயிற்சி:
1. மின்சாரம் நின்றதும் புகை அறைக்குள் கசியக் காரணம் யாது?
2. 'நீறு பூத்த நெருப்பு' – சொற்றொடரில் அமைத்து எழுதுக.