கொசுவைத் துப்பு துலக்க ஒரு படிப்பு!

எருமப்பட்டி,

மழைக்காலம். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல். வாசலில் வந்து நிற்கிறவர் டாக்டர் அல்ல, சுகாதார ஆய்வாளர். கையில் டார்ச் லைட். நேராகக் கொல்லைப்புறம் போகிறார்.

"ஏனுங்க, பையன் இங்க திண்ணையில கெடக்குறான், நீங்க தொட்டிய எட்டிப் பாக்குறீங்களே!" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். நாமக்கல்–துறையூர் ரோட்டில் எந்த ஊரிலும் நடக்கிற கூத்துதான் இது.

போலீசாருக்குச் சம்பவ இடம் எப்படியோ, இவருக்குத் தொட்டி அப்படி! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். குடித்தனம் தேங்கிய நல்ல தண்ணீரில். தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆசாமி ஒழிந்தான் என்று நினைக்க வேண்டாம். தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரா வாரம் 'சோதனை'.

யார் சொல்லிக் கொடுப்பது?

திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்தில், 1964-ல் தொடங்கிய ஊரக சுகாதார நிறுவனம் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. ஓசூரில் பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களுக்கென்றே அரசு நிலையம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் என்றாலே வயிறு கலங்கும் நாமக்கல் கோழிப்பண்ணைச் சீமைக்கு இது ரொம்பவே வேண்டிய வித்தை.

டாக்டரும் தப்ப முடியாது. தமிழ்நாட்டில் சுகாதார அதிகாரி பதவிக்கு எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. பொது சுகாதாரத்தில் தனிப் படிப்பும் வேண்டும். பல மாநிலங்களில் இந்தக் கட்டாயம் இல்லை. நோய்க் கணக்கு, குடிநீர், பூச்சி, சட்டம் எல்லாம் படிக்க வேண்டும். சட்டம் எதற்கு? சென்னை மாகாணத்தில் 1939-ல் வந்த பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறதே!

இந்தத் துப்பறியும் வேலைக்கு முன்னோடி லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ. 1854-ல் காலரா சாவு விழுந்த வீடுகளைத் தெருத் தெருவாகக் குறித்துக் கொண்டு போனார். 'குற்றவாளி' ஒரு தெருக் குழாய்! கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். காலராக் கிருமியைப் பற்றி ஊர் உலகம் அறியாத காலம் அது.

பிளஸ்-2வில் உயிரியல் படித்த எருமப்பட்டிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரியும்? கேட்டால் 'டாக்டர்', இல்லாவிட்டால் 'நர்ஸ்' என்பார்கள்.

சரி, கொல்லைப்புறத் தொட்டி என்னாயிற்று? மூடிதான் போட்டிருக்கிறது. மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து!