மூச்சும் செபமும்



'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் விழிப்புணர்வுத் தியானத்துக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் அறிமுக வகுப்பு என்ற அறிவிப்பை இன்று அடிக்கடி காண்கிறோம். கிறிஸ்தவர்கள் நாம் போகலாமா, நம் விசுவாசத்துக்கு இது இடறலாகுமா என்ற கேள்வியும் எழுகிறது. பயமின்றிச் சிந்திப்போம்.

அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்? அசையாமல் அமர்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கச் சொல்கிறார்கள். மனம் எங்கோ ஓடினால், அதைக் கடிந்துகொள்ளாமல் மறுபடி மூச்சுக்கே கூட்டி வரச் சொல்கிறார்கள். ஓர் உலர்ந்த திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்லச் சுவைக்க வைக்கிறார்கள். புத்த சமயத் தியான மரபில் வேர்கொண்ட இதை, ஜான் கபட்-சின் என்ற அமெரிக்கர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்குப் பல வாரப் பயிற்சியாக அமைத்தார். இரண்டு நாள் வகுப்பு அதன் வாசற்படிதான்.

அமைதியில் இறைவனைத் தேடுவது நமக்குப் புதிதல்ல. புயலிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணாத ஆண்டவரை, எலியா மெல்லிய ஒலியில் கண்டுகொண்டார் (1 அர 19). 16-ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக இயேசு கற்பித்த செபத்தைச் சொல்லும் முறையைத் தந்திருக்கிறார். நம் தமிழகத்தில், கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இயேசு சபைக் குரு ஆமா சாமி 1996-இல் 'போதி ஜென்டோ' தியான இல்லத்தை நிறுவினார்.

பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், பிற தியான முறைகளில் பயனுள்ளதை ஏற்கலாம் என்றது, கூடவே எச்சரித்தது. உடற்பயிற்சி தரும் இதமான அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணி ஏமாறக் கூடாது. செபம் என்பது நம்மை அன்பு செய்யும் தந்தையோடு நாம் கொள்ளும் உறவு.

நம் மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். ஓடும் வாய்க்கால் நீரில் உப்பு விளைவதில்லை. பாத்தியில் உவர்நீர் தேங்கி நிற்க வேண்டும். அதன்மேல் வெயிலடிக்க வேண்டும், காற்று வீச வேண்டும். அமர்ந்திருப்பது நம் பங்கு, விளையச் செய்வது இறையருள். விளைந்த உப்பையும் வாரிப் பிறர் உணவில் சேர்க்காவிட்டால் மழை கரைத்துவிடும்.

ஒன்றை மறவாதிருப்போம். கொளுத்தும் வெயிலில் உப்பு வாரும் தாய்மாரிடமும், மழைக்காலத்தில் வேலையின்றிக் கடனில் தவிக்கும் குடும்பத்திடமும் 'மூச்சைக் கவனியுங்கள்' என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது அன்பாகாது. அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும், துணைநிற்கும் பங்கு மக்கள் வேண்டும். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போவோம்.

வகுப்புக்குப் போக விரும்புவோர், யார் நடத்துகிறார்கள், எதை நம்பச் சொல்கிறார்கள், எவ்வளவு பணம் கேட்கிறார்கள் என விசாரித்துப் போகட்டும். திரும்பி வந்தபின் தம்மையே கேட்கட்டும்: வீட்டில் என் கோபம் குறைந்ததா? அடுத்த வீட்டாரின் கண்ணீர் என் கண்ணில் படுகிறதா?

போக இயலாதவர்கள் நாளை விடியலில், அளத்துக்கோ கடலுக்கோ புறப்படுமுன் ஐந்து நிமிடம் அமர்ந்து, ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லிப் பார்ப்போம். அதற்குக் கட்டணம் இல்லை. இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.