நெசவாளர் வீட்டுக்கு ஓர் இழுப்பறை அலமாரி

சென்ற ஐப்பசி மழையில் நமது வீட்டு அலமாரியின் இழுப்பறை ஒன்று திறக்க மறுத்துவிட்டது. உள்ளே சங்கத்தில் எடைபோட்டு வாங்கிய வெண்பட்டுச் சிட்டமும் சரிகையும் இருந்தன. தீபாவளி வேட்டிக்குக் கெடு நான்கே நாள். இழுத்தும் தட்டியும் பார்த்துச் சலித்து, முடிவில் பின்பலகையை உளியால் பெயர்த்துத்தான் பட்டை வெளியே எடுத்தோம். குற்றம் ஈரம் காயாத பலகையை மலிவு என்று வாங்கிய நம்முடையதே. இவ்வாண்டு கோடையில் அந்த அலமாரியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நாமே ஒன்று செய்தோம். அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று அவ்வேலையை இங்கு விவரிக்கிறோம்.

அம்மாபேட்டையில் குழித்தறி உள்ள வீட்டில் தரை ஈரம் சாதாரண விஷயம். பரணில் வைத்தால் எலி. தகரப் பெட்டியில் வைத்தால் உள்ளே வியர்க்கும். பட்டோ ஈரத்தை வெகுவாக ஏற்கும் பொருள். 100 பங்கு உலர்ந்த பட்டுக்கு 11 பங்கு ஈரம் என்பது வியாபாரக் கணக்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. அடைமழையில் அதற்கு மேலும் ஏறும். ஆகவே மழைநாளில் வாங்கிய பட்டைக் கோடையில் நெய்து கொடுத்தால், ஓர் இழையும் களவு போகாமலே எடை குறையும். கணக்கரிடம் தலைகுனிந்து நின்றவர்களுக்கு இதன் வலி தெரியும். நல்ல மர அலமாரி இந்த ஏற்ற இறக்கத்தை அடியோடு நிறுத்தாது, மட்டுப்படுத்தும். வெளிச்சம் பட்டு வெண்பட்டு மஞ்சளாவதையும் தடுக்கும்.

தேக்குக்கு நம்மிடம் பணமில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகையும் உதவும். நாம் எடுத்துக்கொண்டது முதிர்ந்த வேம்பு. அது மகாகனியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஓர் அங்குலப் பலகையை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய நம் தராசே போதும். ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றால் பலகை ஆயத்தம்.

அகலம் 3 அடி, ஆழம் 1½ அடி, உயரம் 4 அடி. மேலே சரிகைக்கு 4 அங்குல இழுப்பறை இரண்டு; கீழே பாவுக்கும் மடித்த வேட்டிக்கும் 9 அங்குல இழுப்பறை மூன்று. கால் 6 அங்குலம். எஞ்சியது மேற்பலகைக்கும் இடைச்சட்டங்களுக்கும்.

மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது. குறுக்குவாக்கில்தான் பருக்கும், சுருங்கும். நாம் முன்பு அறியாதிருந்தது இதுவே. இழுப்பறையின் பக்கப்பலகை மழையில் உயரத்தில் பருக்கும். ஆதலால் மேலே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும். இருபுறமும் அரை நூல் போதும். அடிப்பலகையைக் காடியில் செருகிப் பசையின்றி விட்டுவிட வேண்டும். அலமாரியின் பக்கங்களும் அவ்வாறே: சட்டத்தில் காடி வெட்டிப் பலகையைச் செருகுதல். முகப்பும் பக்கமும் சேருமிடத்தில் ஆணி அடிப்பது வீண். புறாவின் வாலைப்போல விரிந்த பற்களாக வெட்டிக் கோத்தால், எத்தனை முறை இழுத்தாலும் முகப்பு கையோடு வராது. முதல் இழுப்பறைக்கு நமக்கு இரண்டு நாள் பிடித்தது. ஐந்தாவது அரை நாளில் முடிந்தது. மூலைமட்டத்தைக் கீழே வைக்காமல் வேலை செய்ததே காரணம். ஓடுசட்டத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் குழந்தையும் இழுக்கலாம்.

உள்ளே துவைத்த பழைய பருத்தித் துணியை விரிக்கவும். சரிகைக் கட்டில் ரப்பர் வளையம் ஆகாது. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அலமாரியைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, கால்களுக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். கறையான் கல்மீது ஏறினாலும் அதன் மண்கோடு கண்ணில் படும். விதை வைக்க விரும்பும் விவசாய அன்பர்களுக்கும் இதே அளவு பொருந்தும். பட்டும் தானியமும் மட்டும் ஒரே அலமாரியில் வேண்டாம்.

பழைய அலமாரியிலிருந்து பெயர்த்த பின்பலகை இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. அதை அறுத்துத் தார்க்குச்சிப் பெட்டிக்கு மூடி செய்துகொண்டோம்.