இரண்டில் ஏழு போகாது

கணக்கு வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பாகச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், சும்மா இருந்தால் டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார் என்று அந்தப் பிள்ளை தெளிவாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

நாம் அடுத்த பெஞ்சுக்குப் போகிற வேகமும் அப்படித்தான். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். அதிலும், நன்றாகப் படிப்பவர்கள் என்று கருதிய பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், மற்றவர்களுக்குக் குறைவு. மூன்று வினாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று வினாடிதானே என்று நினைப்போம். நாற்பது பேர் முன்னால் நின்று பார்த்தால் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று.

காத்திருந்தபின் வருகிற பதில் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். விஷயமே அங்கேதான் தொடங்குகிறது. 52-இல் 27 போனால் 35 என்று ஒரு பையன் எழுதியிருந்தான். சுழித்துவிட்டு நகராமல், “எப்படிப்பா போட்டே?” என்று கேட்டேன். “ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதான் ஏழுல ரெண்டை எடுத்தேன்.” எப்போதும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதை எடுப்பது அவன் விதி. 63-இல் 28 போனால் 45 என்பான் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளில் இப்படி ஒழுங்கான விதிகள் இருப்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978லேயே பட்டியலிட்டிருக்கிறார்கள். இவன் செய்தது அதில் மிகவும் பழக்கமான ஒன்று.

இதற்கு இன்னும் இருபது கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால், தப்பான விதியை இருபது முறை பழகிவிட்டு வருவான். பத்து ரூபாய்த் தாள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் வைத்து, 27 ரூபாய் கொடு என்றேன். இரண்டு தாளை எளிதாகக் கொடுத்தான். ஏழு ரூபாய்க்குக் காசு போதவில்லை. “சில்லறை மாத்தணும்” என்று அவனே சொன்னான். கடன் வாங்கிக் கழிப்பது அவ்வளவுதான். கடைக்குப் போகும் பிள்ளைக்கு அது முன்பே தெரியும். உடனே “வெரி குட்” என்று நான் சொல்வதில்லை. “ஒரு பத்தை உடைச்சே பாரு, அதுதான் சரி” என்று சொன்னால், எது சரி என்று பிள்ளைக்குப் புரிகிறது.

பிள்ளைக்குப் பிள்ளை தடுமாறும் இடம் வேறு. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவரவர் நிலைக்குப் பாடம் வேண்டும்தான். ஆனால், பூப் பெயர் வைத்தாலும் தான் எந்த நிலை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

அதனால் கூச்சப்படுகிறவர்களைத் திடீரென்று எழுப்பாமல், “நாளைக்கு இந்தக் கணக்கை உன்னைத்தான் கேட்பேன்” என்று முந்தின நாளே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லி வைத்த ஒரு பெண், 402-இல் 157-ஐக் கழிக்கக் கரும்பலகைக்கு வந்தவள், பாதியில் சாக்பீஸோடு திரும்பினாள். “பத்து இடத்துல ஒண்ணுமே இல்லையே டீச்சர், யார்கிட்ட கடன் வாங்குறது?”

பின் பெஞ்சிலிருந்து, “நூறுகிட்ட கேளு” என்று ஒரு குரல். அன்றைய பாடத்தை அங்கிருந்தே எடுத்துக்கொண்டேன்.