வாத்தியத்தை நிறுத்தினா சபை பாடுமா?

சர்ச்ல டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் ஏறினதும் "இது ஆராதனையா, கச்சேரியா?"ன்னு கேக்கிறாங்க. பழைய கேள்விதாங்க இது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்துல எழுதின கீர்த்தனைகளை ஆலயத்துல பாட, அந்தக் கால மிஷனரிகள் சிலர் எதிர்ப்பு தெரிவிச்சாங்க. 1853-ல எட்வர்ட் வெப்ங்கிற மிஷனரியே தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டாரு. இன்னைக்கு அதுதான் 'பாரம்பரியம்'. அதனால, இசை வகையை வச்சு பக்தியை அளக்க முடியாது.

அப்போ எதைப் பாக்கணும்? கீர்த்தனையோட அமைப்பைப் பாருங்க. சரணம் தெரியாதவங்களும் பல்லவி திரும்ப வரும்போது சேர்ந்துக்கலாம். சபைக்குன்னு ஒரு இடம் பாட்டுக்குள்ளேயே இருக்கு. பாடகர் தன் குரலுக்கு ஏத்த மாதிரி உச்சத்துல எடுத்தா, அந்த இடம் போயிடுது. நம்ம வீரபாண்டியில வாரம் முழுக்க பனியன் கம்பெனி மிஷின் சத்தத்துல இருந்துட்டு வர்றவங்க, ஞாயித்துக்கிழமையும் ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் உக்காரணுமா?

பாடுறவங்க மனசுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஆனா சுதியை ஒரு கட்டை இறக்கலாம். ஒரு சரணத்துக்கு வாத்தியத்தை நிறுத்தலாம். கடைசி பெஞ்சுல இருந்து குரல் வருதான்னு கேட்டுப் பாருங்க.